பிழை மிசினில்தான் இருந்தது

என் கணினியில் இருந்த பிழையை ஒரு மனிதனின் உடம்பில் இருப்பதாகச் சொன்னேன். அவன் நம்பினான். அவனுடைய தகப்பனும் நம்பினார். அன்றிலிருந்து இன்றுவரை நான் அதைத் திருத்திச் சொல்லவில்லை.

இவ்வளவுதான் என் குற்றம். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் சொல்லவேண்டியவனிடம் சொல்ல இத்தனை வருடங்களாக எனக்கு வாய் வரவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்... முன்பின் தெரியாதவரிடம் சொல்வது சுலபம். அதுவும் ஒரு கோழைத்தனம்தான். தெரியும்.

நீங்கள் வல்வெட்டித்துறைப் பக்கம் வந்திருந்தால் என் கடையைக் கண்டிருக்கலாம். பாகங்களை எடுத்துக் கணினி பூட்டிக் கொடுக்கிறேன், பழுது பார்க்கிறேன். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மாமனோ சித்தப்பனோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தால் முதலில் கேட்பது ஒன்றுதான். விளையாட்டுக்கு எது நல்லது, ரீவியில் பூட்டும் கொன்சோல் பெட்டியா, கணினியா? கொஞ்சக் காலமாக அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மெய்நிகர் விளையாட்டுக்கு எது திறம்? அதாவது, பெட்டி போன்ற ஒரு கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு, விளையாட்டுக்குள்ளேயே போய் நிற்பது போல ஆடுகிறார்களே, அதற்கு.

இன்றைக்கு இந்தக் கேள்விக்கு நான் நேர்மையாகப் பதில் சொல்கிறேன். அன்று சொல்லவில்லை. அன்று எனக்குக் கணினிப் பைத்தியம் தலைக்கேறியிருந்த காலம். கடை திறந்து அதிக நாள் ஆகவில்லை. யாராவது கொன்சோல் என்று வாயெடுத்தாலே முகத்தைச் சுளிப்பேன். "உது சின்னப் பிள்ளையளின்ரை சாமான்" என்பேன். அதைச் சொல்லும்போது எனக்கு ஏதோ பெரிய மனிதனாகிவிட்டது போலொரு மிதப்பு வரும்.

என்னோடு இதில் மல்லுக்கு நின்றவன் றமீஸ். நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்தில் ஒரே தொழில்நுட்ப வகுப்பில் படித்தவர்கள். அவனுடைய குடும்பம் தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களோடு விரட்டப்பட்டுப் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த குடும்பம். நகரில் கொன்சோல் வைத்து, பெடியன்கள் வந்து விளையாடும் கடை ஒன்றை அவன் நடத்தினான். சண்டை என்றால் வெறும் வாய்ச்சண்டைதான். "உன்ரை கொம்பியூற்றரை வாங்கினவன் விளையாடுறதைவிடத் திருத்துறதுதான் கூட, மச்சான்" என்பான். நான் விடமாட்டேன்.

இந்தச் சண்டையைக் கேட்டுச் சலித்துப்போன எங்கள் விளையாட்டுக் கழகத்துப் பெடியன்கள்தான் அந்த யோசனையைச் சொன்னார்கள். பொங்கலுக்கு மறுநாள் வாசிகசாலை மண்டபத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், சனம் பார்த்துச் சொல்லட்டும் என்றார்கள். இரண்டிலும் ஓடக்கூடிய ஒரே விளையாட்டு வேண்டும். கப்பலோடிப் பிழைத்த ஊரில் வேறு எதைப் போடுவது? புயலில் அகப்பட்ட ஒரு பாய்மரக் கப்பலின் மேல்தட்டில் போய் நிற்கும் விளையாட்டைத் தெரிவு செய்தோம்.

இங்கே நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ளவேண்டும். இல்லாவிட்டால் என் குற்றம் எவ்வளவு பெரியது என்பது உங்களுக்கு விளங்காது.

தலையில் மாட்டும் அந்த ஹெட்செட்டுக்குள் படம் வினாடிக்குத் தொண்ணூறு தடவை மாறவேண்டும். நீங்கள் தலையைத் திருப்பினால் உள்ளே இருக்கும் உலகமும் அதே கணத்தில் திரும்பவேண்டும். கொன்சோலில் இதற்குப் பெரிதாகப் பிரச்சினை வராது. எல்லார் வீட்டிலும் இருப்பது ஒரே பெட்டி. விளையாட்டைச் செய்தவர்களுக்கு அந்தப் பெட்டியின் பலம் எவ்வளவு என்று தெரியும். அதற்குள் அடங்குமாறு படத்தை எளிமையாக்கி வைத்திருப்பார்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், ஆனால் தடங்கலில்லாமல் ஓடும்.

கணினி அப்படியில்லை. படம் எவ்வளவு கூர்மையாக இருக்கவேண்டும், அலையில் நுரை எத்தனை இருக்கவேண்டும், வானத்தில் வெளிச்சம் எப்படி விழவேண்டும் என்பதையெல்லாம் நாமே கூட்டிக் குறைக்கலாம். பலமான கணினி என்றால் கொன்சோல் கிட்டவும் வராது. ஆனால் இருக்கும் பலத்துக்கு மேல் ஆசைப்பட்டு ஏற்றினால் கணினி திணறும். திணறும்போது, வராத படத்துக்குப் பதிலாகப் பழைய படத்தையே கொஞ்சம் நகர்த்திக் காட்டிச் சமாளிக்கும். வெளியே இணைத்திருக்கும் ரீவியில் பார்ப்பவருக்கு அது அவ்வளவாகத் தெரியாது. உள்ளே நிற்பவருக்குத் தெரியும். அவர் தலை திரும்பும், உலகம் ஒரு இமைப்பொழுது பிந்தித் திரும்பும். கண் ஒன்றைச் சொல்லும், உடம்பு வேறொன்றைச் சொல்லும். வயிறு குமட்டிச் சத்தி வரும்.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். வடிவாகத் தெரியும்.

தெரிந்துகொண்டுதான் எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றினேன். சனம் பார்க்கப்போவது ரீவியை. ரீவியில் என் கடல் றமீஸின் கடலைவிட அழகாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் என் கவலை. படத்தை வரையும் என் கிராபிக்ஸ் கார்ட் கொழும்பிலிருந்து எடுத்த பழையது. ஏற்கெனவே யாரோ போட்டு அடித்து ஓய்ந்தது. சும்மாவே சூடேறும். மண்டபத்தில் அன்று நிறையச் சனம், தகரக் கூரை, இரண்டே இரண்டு மின்விசிறி. கணினி கொதித்தது.

கணினியின் ஓட்டத்தைக் காட்டும் சிறிய மொனிற்றர் ஒன்றை என் பக்கம் மட்டும் திருப்பி வைத்திருந்தேன். அதில் ஒரு கோடு ஓடும். படம் ஒழுங்காக வந்தால் பச்சை, தவறினால் சிவப்பு.

முதலில் என் ஹெட்செட்டை மாட்டிப் பார்த்தவன் றமீஸ்தான். கொஞ்ச நேரத்திலேயே கழற்றிவிட்டு என் காதுக்குள் சொன்னான்.

"மச்சான், படம் விக்குது. எல்லாத்தையும் கொஞ்சம் குறைச்சு விடு."

"குறைச்சால் உன்ரை கொன்சோல் மாதிரித்தான் தெரியும்."

"தெரிஞ்சால் தெரியட்டும். சனம் சத்தி எடுக்கப்போகுது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பிறகு எல்லாருக்கும் பணிஸ் வாங்கி வருவதாகச் சொல்லி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனான். போவதற்கு முன் அவன் சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஒரு சுட்டியை இழுத்து நான்கு இடத்தில் குறைக்கிற வேலை. தேத்தண்ணி குடித்து முடிக்கும் நேரம்கூட ஆகாது.

நான் செய்யவில்லை.

இப்போது சுதனைப் பற்றிச் சொல்லவேண்டும்... எங்கள் ஒழுங்கையில் இருக்கும் சிவராசா மாமாவின் ஒரே மகன். மாமா வாலிபத்தில் கப்பலில் வேலை செய்தவர், பின்பு ஊரோடு வந்து வள்ளம் வைத்துத் தொழில் செய்பவர். ஆனால் சுதன் கடலில் கால் வைக்காமல் வளர்ந்தவன். தாயின் தம்பி ஒருவர் கடலில் போய்த் திரும்பி வரவில்லை. அந்தப் பயத்தில் தாய் பிள்ளையைப் பண்டத்தரிப்பில் தன் தாய்வீட்டில் விட்டுப் படிப்பித்தார். வெங்காயத் தோட்டத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளை. லீவுக்கு ஊருக்கு வந்தாலும் வள்ளத்தில் ஏறவிடமாட்டார்.

ஆனால் இரத்தத்தில் இருப்பது போகுமா? உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, கப்பலுக்குத்தான் போவேன் என்று நின்றான். தாய் அழுதார், சாப்பிடாமல் கிடந்தார், கடைசியில் சம்மதித்தார். கொழும்பில், கரையிலேயே நடக்கும் கப்பல் வேலைக்கான பயிற்சியையும் முடித்துவிட்டான். மாமாவோடு ஒரு காலத்தில் கப்பலில் நின்றவர் ஒருவர் இடம் ஒழுங்கு செய்து கொடுத்திருந்தார். மாசி மாதம் போய் ஏறவேண்டும். பொங்கலுக்கு ஊருக்கு வந்த அவனை எல்லாரும் கப்பல்காரன் என்றே பகிடியாகக் கூப்பிட்டார்கள். அவனுக்கு அது பிடித்திருந்தது. முகம் பூரித்துப்போய்த் திரிந்தான்.

அன்று முதலில் அவன் றமீஸின் கொன்சோலில் ஏறினான். அந்த மங்கலான கடலில், புயலுக்குள், நெடுநேரம் நின்றான். பாய்மரத்தை அண்ணாந்து பார்த்தான், விளிம்பில் எட்டிக் கீழே பார்த்தான், சிரித்தான். ஒன்றும் ஆகவில்லை. சிவராசா மாமா கைகளைக் கட்டிக்கொண்டு மகனையே பார்த்துக்கொண்டு நின்றார். கூட நின்றவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

பிறகு என் பக்கம் வந்தான். "அண்ணை, உங்கடை கடல் நல்ல வடிவாக் கிடக்கு. தாங்கோ பாப்பம்" என்றான்.

நானே மாட்டிவிட்டேன். பட்டியை நானே இறுக்கினேன்.

ரீவியில் என் கடல் எழுந்தது. உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. சனம் வாயைத் திறந்தபடி பார்த்தது. சிறிய மொனிற்றரில் கோடு சிவப்பு, சிவப்பு, முழுக்கச் சிவப்பு. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவன் அண்ணாந்தான். உடம்பு ஒருமுறை ஆடியது. கையை நீட்டி எதையோ பிடிக்கத் தேடினான். "அண்ணை... கழட்டுங்கோ..." என்றான். நான் கழற்றுவதற்குள் குனிந்து அங்கேயே சத்தி எடுத்துவிட்டான்.

பின்னர் யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

"கப்பலுக்குப் போற பெடியன் வாசிகசாலைக்குள்ளையே சத்தி எடுத்திட்டான்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. எங்கள் ஊரில் எல்லாரையும் பார்த்து அப்படித்தான் சிரிப்பார்கள். ஆனால் கடற்கரை ஊரில் ஒருவனைக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அது லேசான பேச்சில்லை. சிரிப்பு ஓய்ந்தபின் முதியவர்கள் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் கண்டேன்.

சிவராசா மாமா சிரிக்கவில்லை. என்னிடம் வந்தார்.

"தம்பி, உந்த மிசினிலை ஏதும் பிழையோ?"

சிவப்புக் கோடு என் கண்ணுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டி அந்த மொனிற்றரை அணைத்தேன்.

"இல்லை மாமா. மிசின் சரி."

"மற்றதிலை நிக்கேக்கை ஒண்டும் செய்யேல்லையே அவனுக்கு."

அப்போது நான் சொன்னதை எழுதக் கை கூசுகிறது. என் வாழ்நாளில் அவ்வளவு கெட்டித்தனமாக ஒரு பொய்யை நான் சொன்னதில்லை. "மாமா, அது விளையாட்டுச் சாமான். படம் பொம்மை மாதிரி. இது உண்மையான கடல் மாதிரி. உடம்புக்கு வித்தியாசம் தெரியும்தானே" என்றேன். அதோடு நிறுத்தவும் இல்லை. "சில பேருக்குக் காதுக்குள்ளை இருக்கிற சமநிலை பிழையா இருக்கும். பிறப்பிலை வாறது. பழகினாலும் போகாது."

கூட்டத்துக்குக் கேட்கும்படிதான் சொன்னேன். யாரோ, "அப்ப கொம்பியூற்றர்தான் திறம், உண்மையான கடல் மாதிரியே இருக்காம்" என்றார்கள். கை தட்டினார்கள். ஆம், எனக்குக் கை தட்டினார்கள்! ஒருவனைக் கவிழ்த்துவிட்டு நான் வென்றேன்.

றமீஸ் பணிஸோடு திரும்பி வந்தபோது சுதன் வெளியே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். றமீஸுக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

"அது உன்ரை மிசினாலை வந்தது. போய்ச் சொல்லு."

"பிறகு சொல்லுறன்."

"இப்ப சொல்லு மச்சான். உவன் கப்பலுக்குப் போறவன்."

"பிறகு சொல்லுறன் எண்டுறனெல்லே."

சில நாள் கழித்துத் தொலைபேசியில் கேட்டான், சொன்னியோ என்று. சொல்லிவிட்டேன் என்றேன். அவன் நம்பிவிட்டான். இப்போது அவன் கல்முனையில் கலியாணம் முடித்து அங்கேயே இருக்கிறான். எப்போதாவது கதைப்போம். சுதன் எந்தக் கடலில் நிற்கிறான் என்று ஒருமுறை கேட்டான். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

பொய் சொன்ன அன்றே இரவு எனக்கு நெஞ்சு உறுத்தியது என்று எழுதினால் நீங்கள் என்னைக் கொஞ்சம் மன்னிக்கக்கூடும். அப்படி ஒன்றும் இல்லை. நன்றாக நித்திரை கொண்டேன். ஒரு சத்திக்காக யாராவது கப்பலை விடுவார்களா என்று நினைத்தேன்.

ஆனால் அந்தக் கிழமையே சுதன் தகப்பனோடு வள்ளத்தில் போயிருக்கிறான். தன்னைச் சோதித்துப் பார்க்க. முதல்முறை கடல், வாடைக்காற்று வேறு. போகும்போதே காதைப் பற்றி நினைத்துக்கொண்டு போயிருப்பான். சத்தி எடுத்துவிட்டான். "முதல் நாள் ஆருக்கும் வாறதுதான். எனக்கும் வந்தது. பழகினால் போயிடும்" என்று மாமா சொன்னாராம். தான் கண்ட உண்மையை அவர் சொன்னார். நாற்பது வருடக் கடல் அவரிடம் இருந்தது. ஆனால் என்னிடம் விஞ்ஞானம் அல்லவா இருந்தது... "இல்லை அப்பா, இது பழகினாலும் போகாதாம்" என்றிருக்கிறான் மகன்.

இரண்டொரு நாள் கழித்துக் கடைக்கு வந்தான். என்னிடம் அப்போது ஒரு குடும்பம் நின்றது. கனடாவிலிருந்து வந்தவர், மகனுக்குக் கணினி எடுப்பதா கொன்சோல் எடுப்பதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். சுதன் ஒரு ஓரமாக நின்று, அவர் பேச்சை நிறுத்தியதும் கேட்டான்.

"அண்ணை, எனக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கோ. அண்டைக்குப் பிழை மிசினிலையோ, என்னிலையோ?"

கனடாக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் கணினியைப் பற்றி அவரிடம் அளந்து கொட்டியிருந்த வேளை அது.

"மிசின் சரி, சுதன்" என்றேன்.

இதையாவது நீங்கள் வியாபாரப் புத்தி என்று தள்ளிவிடலாம். ஆனால் அந்தக் குடும்பம் போய்விட்டது. கடையில் வேறு யாரும் இல்லை. அவன் இன்னும் அங்கேயே நின்றான், மேசையில் கிடந்த திருகாணி ஒன்றை விரலால் உருட்டிக்கொண்டு. அப்போது என்னைத் தடுத்தது என்ன? வியாபாரமா? இல்லை. சற்றுமுன் சொன்னது பொய் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கம். வெறும் வெட்கம்... அதற்காக ஒருவன் வாழ்க்கையை எடுத்துக்கொண்டேன்.

"சரி அண்ணை. நடுக்கடலிலை போய்த் தெரியாமல் இஞ்சையே தெரிஞ்சது நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனான். மாசி மாதம் அவன் கப்பலேறவில்லை. அந்த இடத்துக்கு வேறொருவன் போனான்.

சிவராசா மாமா என்னைத் திட்டியிருக்கலாம். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு நாள் பாரை மீன் இரண்டு கொண்டு வந்து கொடுத்து, "நீர் சொல்லாட்டி எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது தம்பி" என்றார். மனைவி அதை ஆக்கினாள். நான் சாப்பிட்டேன். தொண்டைக்குள் இறங்கத்தான் செய்தது.

அதன்பிறகு சுதன் ஒரு வருடம் சும்மா திரிந்தான். அச்சுவேலியில் ஒரு சீமெந்துக் கல் அரியும் இடத்தில் கொஞ்ச நாள் நின்றான், விட்டுவிட்டான். யாரோடும் அதிகம் கதைப்பதில்லை. கடற்கரைப் பக்கம் போவதில்லை. பார்க்கப் பொறுக்காமல் நான்தான் கூப்பிட்டு என் கடையில் வைத்துக்கொண்டேன். ஊர் என்னைப் புகழ்ந்தது. நட்டாற்றில் நின்ற பெடியனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டான் என்றார்கள். அவனுடைய கலியாணத்தில் என்னைத்தான் முன்னுக்கு நிறுத்தினார்கள். அவனுடைய தாய் என்னைக் காணும்போதெல்லாம் கும்பிடாத குறை. அவருக்குப் பிள்ளை கரையில் நின்றது சந்தோசம். அந்த ஒரு மனிதருக்காவது நல்லது செய்தேன் என்று என்னை நானே தேற்றப் பார்த்த நாட்களும் உண்டு. எவ்வளவு கேவலம்!

சுதன் கெட்டிக்காரன். எல்லாம் படித்துவிட்டான். இப்போது வாடிக்கையாளருடன் கதைப்பது அவன்தான். கொன்சோலா கணினியா என்று கேட்டால், அவன் கப்பலை விட்ட பிறகு நான் திருந்திச் சொல்லத் தொடங்கிய அதே பதிலை, என்னைவிட நிதானமாகச் சொல்வான்.

போன வருடம் ஒரு நாள் நான் உள்ளே ஒரு மடிக்கணினியைப் பிரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். முன்னால் அவன் ஒரு வாத்தியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"சேர், படம் கொஞ்சம் மங்கலா இருந்தாலும் பரவாயில்லை. விக்கக் கூடாது. விக்கினால் எந்தத் திடமான ஆளுக்கும் தலை சுத்தும், சத்தி வரும். கனபேர் அதைத் தங்கடை உடம்புப் பிழையெண்டு நினைக்கினம். அது மிசின்ரை பிழை."

இதோ அவனுக்குத் தெரிந்துவிட்டது... இனி அவன் இரண்டு இரண்டையும் கூட்டிப் பார்ப்பான் என்று நினைத்தேன். பயந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதோடு ஒரு ஆறுதலும் வந்தது. நான் வாய் திறக்காமலே விசயம் முடிந்துவிடும் என்ற ஆறுதல்.

வாத்தியார் கேட்டார், "அப்ப உமக்கு உது ஒண்டும் செய்யிறதில்லையோ?"

"நான் போடுறேல்லை சேர். எனக்கு மிசின் சரியா இருந்தாலும் ஏலாது. என்ரை காதிலை பிழை. அண்ணை அண்டைக்கே கண்டுபிடிச்சுச் சொன்னவர்."

கேட்டீர்களா? இயந்திரம் விக்கினால் திடமான ஆளுக்கும் சத்தி வரும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவன், தனக்கு வந்ததை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஏன் என்று பல நாள் யோசித்தேன். என்மேல் வைத்த நம்பிக்கைதான் காரணம். நான் பொய் சொல்லியிருப்பேன் என்பது அவன் நினைப்பில் எட்டவே இல்லை. ஒருவேளை எட்டியும், இனி அதைத் தெரிந்து என்ன செய்வது என்று தள்ளிவிட்டானா? அதுவும் எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

சொல்லக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். எத்தனையோ தரம் சொல்லப் போனேன். கடை பூட்டும் நேரம் பார்த்து, "சுதன், ஒரு விசயம்..." என்று தொடங்கினேன். அவன், "சொல்லுங்கோ அண்ணை" என்று நிமிர்ந்து பார்த்தான். நாளைக்கு வெள்ளென வரவேணும் என்று சொல்லி அனுப்பினேன். சொன்னால் என்ன ஆகும்? அவனுக்குக் கப்பல் திரும்பி வராது. படித்த சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, பிள்ளைகுட்டிக்காரனாகிவிட்டான். சொல்வதால் அவனுக்கு என்ன இலாபம், நெஞ்சு நோவதைத் தவிர? இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்துப் பேசிக்கொள்கிறேன். வழக்கை ஒவ்வொரு முறையும் நானே வெல்கிறேன்.

அந்தப் பேச்சும் இந்தப் பங்குனியோடு செல்லாமல் போய்விட்டது.

என் மனைவி நயினாதீவு அம்மனுக்கு ஒரு நேர்த்திக்கடன் வைத்திருந்தாள். ஒரு வான் பிடித்து எங்கள் குடும்பமும் சுதன் குடும்பமுமாகப் போனோம். சுதனுக்கு நான்கு வயதில் ஒரு மகள், மிதுனா. வழி நெடுக என் மடியில் இருந்து, கடல் வருகுதோ, கடல் வருகுதோ என்று நச்சரித்துக்கொண்டு வந்தாள். குறிகட்டுவான் இறங்குதுறையில் இறங்கினோம். தீவுக்குப் போகும் படகு சனத்தை ஏற்றிக்கொண்டிருந்தது.

சுதன் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். அவன் படகில் ஏறுவதில்லை. ஆனால் அவன் மகளையும் தூக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

அவன் மனைவி துளசி, "பிள்ளையை நான் கொண்டு போறனே. எவ்வளவு ஆசையா வந்தவள்" என்றாள்.

"வேண்டாம் துளசி. நீர் அக்காவையளோடை போட்டு வாரும்."

பிறகு என் பக்கம் திரும்பினான். துளசிக்குச் சமாதானம் சொல்ல நான் உதவுவேன் என்று நினைத்திருக்கவேண்டும்.

"உவளுக்கும் என்ரை உடம்புதான் அண்ணை. ஊஞ்சலிலை கூட ஆடினால் தலையைப் பிடிக்கிறாள். பிறப்பிலை வாறது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். இப்பவே கடலைக் காட்டி ஆசையை வளத்துப்போட்டு, பிறகு ஏலாதெண்டால் நான் பட்ட மாதிரித்தானே இவளும் படுவாள்."

பிள்ளை கடல் கடல் என்று கையை நீட்டி அழுதாள். அவன் அவள் முகத்தைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, கடலுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றான்.

இதைவிட நல்ல தருணம் கடவுள் எனக்குத் தரமாட்டார். ஒரு வசனம் போதும். பிழை மிசினில்தான் இருந்தது சுதன், உனக்கும் ஒன்றுமில்லை, உன் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை, ஏறு. நாக்கு நுனிவரை வந்தது. சத்தியமாக வந்தது... துளசி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், நான் ஏதாவது சொல்லமாட்டேனா என்று. படகுக்காரர் கெதியாக ஏறச் சொல்லிக் கூப்பிட்டார்.

"அவன் சொல்லுறதும் சரிதான் பிள்ளை. வாரும், நாங்கள் போவம்" என்றேன்.

படகில் ஏறிக் குந்தினேன். அன்று கடல் தட்டில் ஊற்றி வைத்த தண்ணீர் போலக் கிடந்தது. தள்ளாடி நடக்கும் வயதானவர்கள் இருந்தார்கள், கைக்குழந்தைகள் இருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு குமட்டலும் இல்லை. துளசி என் பக்கம் திரும்பவே இல்லை. கோயிலில் கற்பூரத்தட்டு வந்தபோது என்னால் கையை நீட்ட முடியவில்லை. மனைவி பார்த்துவிட்டு என்ன என்றாள். தலையிடி என்றேன்.

திரும்பி வந்து இறங்கும்போது அவன் இறங்குதுறைக்கு வெளியே, தேத்தண்ணிக் கடையின் மர வாங்கில் இருந்தான். பிள்ளை அழுது களைத்து, அவன் தோளில் நித்திரையாகிப்போயிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. என்னைக் கண்டதும் பிள்ளை எழும்பாமல் மெல்ல எழுந்து, எனக்காக எடுத்து மூடி வைத்திருந்த தேத்தண்ணியை நீட்டினான்.

"அண்ணை, கடல் எப்பிடி?"

கேட்டபோது அவன் என் கண்ணையே பார்த்தான். பிள்ளையை அழவைத்தது சரிதானா என்று அவனுக்குத் தெரியவேண்டியிருந்தது.

"கரையிலைதான் இப்பிடி. நடுவிலை நல்ல அலை" என்றேன். "பிள்ளையைக் கொண்டு வராதது நல்லது."

அவன் நிம்மதியாகத் தலையாட்டினான். பிள்ளையின் முதுகை மெதுவாகத் தட்டிக்கொண்டு வானை நோக்கி நடந்தான்.